முதற்படிக்கு முன்னால்

"ஹலோ... ஹலோ... கிருஷ்ணகிரி ஆபீசுங்களா? பெருமாள் சாருங்களா? ... நாராயணப்பன் பேசறேன் சார், ஓசூர் தபாலாபீசுல இருந்து. ... ஆமா, ஆமா. சமூகக் கல்வி நாராயணப்பன்தான்."

இரண்டு மணி நேரம் காத்திருந்து கிடைத்த ட்ரங்க் கால். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தார் நாராயணப்பன். அதிகாரியின் குரலைக் கேட்டதும் வரிசை குலைந்துவிட்டது.

"அந்தச் சேமிப்புப் பாடம் சார்... அச்சுக்குப் போயிடுச்சுங்களா? ... சாயங்காலமா? அப்ப நிறுத்திடுங்க. ... அச்சுப்பிழை இல்ல சார். பாடமே பிழை. ... நான்தான் எழுதினேன், ஆமா. நான்தான் சொல்றேன்.

"பாகலூர் செல்லியைச் சொன்னேனில்லீங்களா? ... ஆமா, பெரிய அதிகாரி வரும்போது இவ பாஸ்புக்கைக் காட்டலாம்னு சொன்னேனே, அந்தக் கூலிக்காரப் பொம்பளைதான். ... பாடத்துல இருக்கிற பதினேழு படியும் பிசகாம ஒப்பிப்பா. 'ஒண்ணாந்தேதி வந்ததும் முதல்ல சேமிப்புக்கு எடுத்து வை.' அது முதற்படி. ... கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்கிருந்து எடுத்து வெச்சேன்னு இன்னைக்குத்தான் அவளைக் கேட்டேன். ... கரியப்பன் கடையில சார். பித்தளைக் குடத்தை அடகு வெச்சு ரெண்டு ரூபா வாங்கி, நேரா போஸ்டாபீசுல கட்டியிருக்கா. ரூபாய்க்கு வாரம் ஓரணா வட்டி. ... சிரிக்காதீங்க சார்."

சிரிப்பு அடங்கும்வரை அவர் ரிசீவரைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்திருந்தார். தபால்தலை வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது. சுவரோரமாக ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குக் கூலி வாரச் சந்தையன்னைக்கு. ஒண்ணாந்தேதி கையில காசு இருக்காது. ஒண்ணாந்தேதி எனக்குத்தான் சம்பளம். ... அதான் சார். மேஜையில உக்காந்து, நான் பணம் கட்டறதைப் படிப்படியா பிரிச்சு எழுதிட்டேன். ... தெரியும் சார், வெங்கடம்மா அப்படிச் செய்யல. குந்தாரப்பள்ளிச் சந்தையில மூணு வாரம் பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து, காசு கைக்கு வந்ததும் என்ன பண்ணினே, அதுக்கு முன்ன என்ன பண்ணினேன்னு கேட்டுக் கேட்டு இதே பாடத்தை எழுதினாங்க. ... நினைவிருக்கு சார். 'வெத்தலை மென்னுகிட்டு ஊர்வம்பு கேக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா'ன்னு கூட்டத்துல கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ... நீங்களும்தான் சார்."

அன்று கிராம சேவகி வெங்கடம்மாள் தன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க எழுதினதையே அச்சுக்குக் குடுங்க. என்னதைக் கிழிச்சுடுங்க. ... எழுத்துல தரேன் சார். ... யாரு? அங்கயேவா இருக்காங்க? ... எல்லாத்தையும் கேட்டுகிட்டா? ... வேண்டாம் சார், நேர்ல வந்து நானே... சார்... ஹலோ..."

ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. நாராயணப்பன் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

"... வணக்கம்மா. ... ஆமாம்மா. அன்னைக்கு நான் பேசினது தப்பு. நாலு பேர் நடுவுல பேசினேன், நாலு பேர் நடுவுலயே... ... சரிம்மா. விட்டுடறேன். கேளுங்க. ... செல்லிகிட்டயா? ... இல்லம்மா. பாடம் தப்புன்னு அவகிட்ட சொல்லல. ... பாஸ்புக்கைப் புடவைத் தலைப்புல தொடச்சுக் காட்டினாம்மா. எப்படிச் சொல்றது? 'பேஷ்'னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். ... ஆபீசுக்கு முதல்ல சொல்லிடலாம்னு... ... இல்லம்மா. அவ முகத்தைப் பாக்க முடியல. அதான் நெசம். ... இன்னைக்கா? தேதி..."

கௌண்டருக்கு மேலே தொங்கிய நாட்காட்டியில் முப்பத்தொன்று.

"... ஆமாம்மா. நாளைக்குத்தான். ... போவா. விடிஞ்சதும் கரியப்பன் கடைக்குப் போவா. நான் சொல்லிக் குடுத்ததை ஒருநாளும் தவறவிட்டதில்ல அவ. ... குடம் போயிடுச்சு, இனிமே அடகு வெக்கக் காதுல கெடக்கறதுதான். ... அம்மா, நாலரை பாகலூர் பஸ் வெளியில நிக்குது. வெச்சுடறேன். ... இல்லம்மா, நானே சொல்றேன். அவகிட்ட நானே சொல்றேன்."