மூன்று கோடு போட்ட பூட்டு

இந்த அறையில் ஓடுகிற விசிறிக்குப் பேரிங் போய்விட்டது, ஐயா. டக் டக்கென்று ஒரு சத்தம் வருகிறதே, அதுதான். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். கழற்றி மாற்றுவதுதான் வழி. உங்களைக் குறை சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இயந்திரங்களோடு கிடந்தவன் காது, வேண்டாமென்றாலும் கேட்டுத் தொலைக்கும்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் முழுசாக வாசித்துக் காட்டுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். போன தடவை ஒரு காகிதத்தில் கேட்காமல் கொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு வருஷம் அனுபவித்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் குழாய் செய்கிறார்கள். கோணல்மாணலாக வந்த குழாயை வீசுவதில்லை. அரவை இயந்திரத்தில் போட்டுத் துகளாக்கித் திரும்ப உருக்குவார்கள். பெரிய தொட்டி, அடியில் உருளை, உருளை நிறையக் கத்திகள். மாதம் ஒரு தடவை கத்தி மாற்ற வேண்டும். அது பராமரிப்பு மெக்கானிக் வேலை. என் வேலை.

கத்தி மாற்றப் போகிறவன் முதலில் மெயின் சுவிட்சை இறக்குவான். இறக்கிய கைப்பிடியில் தன் பூட்டை மாட்டுவான். ஆளுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி, சாவி அவன் சட்டைப்பையில். அவன் வெளியே வந்து தன் கையால் திறக்கிற வரை முதலாளியே வந்தாலும் இயந்திரம் ஓடாது. பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். தொங்காவிட்டால் வேலை முடிந்தது.

வேலை விட்டுப் போகும்போது பூட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. நான் ஒரு நாளும் மாட்டியதில்லை. பலகையில் தொங்குவதை எவன் வேண்டுமானாலும் தொடுவான். என் பூட்டின் அடியில் அரத்தால் மூன்று கோடு இழுத்து அடையாளம் வைத்திருந்தேன். தினமும் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன், காலையில் கொண்டுவருவேன். "பூட்டுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கிறீங்களாண்ணே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். என் உயிரை ஊருக்குப் பொதுவாக ஆணியில் தொங்கவிட என்னால் முடியாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது உருளை சுற்றியது. வலது கையில் இரண்டரை விரல் போயிற்று. பச்சைப் பொத்தானை அழுத்தியவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. நான்தான் கையைப் பிடித்து அங்கே வேலைக்குச் சேர்த்தவன். ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"சுவிட்ச் இறங்கியிருந்துச்சு மாமா. ஆனா பூட்டு இல்ல. வேலய முடிச்சிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சு ஏத்திட்டேன்."

"நான் பூட்டுனேன்டா."

"சத்தியமா இல்ல மாமா. ரெண்டு தடவ பாத்தேன்."

விசாரணையிலும் அதையே சொன்னான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது, பூட்டு எங்கும் இல்லை. பூட்டுப் போடாதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி நீட்டினார்கள். இடது கையால் கிறுக்கிக் கொடுத்தேன்.

நான் பூட்டினேன், ஐயா. அது விழுகிற க்ளிக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆயிரம் தடவை கேட்ட சத்தம், அதுவா எனக்குத் தெரியாது?

என் வேலையை மச்சினனுக்குக் கொடுத்தார்கள். என்னைக் கருவி அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாக ஸ்பேனர் கொடுப்பேன், திரும்ப வாங்கி வைப்பேன். மிச்சமிருந்த விரல்களை எண்ணி ஏழரை என்று பெயரும் வைத்தார்கள். வெல்டர் ஒருத்தன் உண்டு, தினமும் ஜன்னலில் தலையை நீட்டுவான். "என்ன ஏழரை, வீட்டையாவது பூட்டிட்டு வந்தீரா?"

"பூட்டத்தான் போனேன், உன் வாய் குறுக்க வந்துருச்சு," என்று நானும் சிரித்து வைப்பேன்.

மச்சினன் மட்டும் சிரித்ததில்லை. அதைக் கவனியுங்கள். மடியில் கனமில்லாதவன் எல்லாரோடும் சேர்ந்து சிரித்திருப்பான். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவான். நான் செய்ய முடியாத வேலையெல்லாம் செய்து கொடுப்பான். கதவுக்குக் கீல் மாற்றினான், குழாய்க்கு வாஷர் போட்டான், என் கைக்குத் தோதாகச் சவரக்கத்திக்குத் தடித்த பிடி கடைந்து வந்தான். தப்புச் செய்தவன்தான் இப்படி ஒருத்தனைச் சுற்றிச் சுற்றி வருவான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் பூட்டு துருப்பிடித்துப்போய், புதுசு கேட்டு ஜன்னலுக்கு வந்தான். புதுப் பூட்டு இரண்டு சாவியோடு வரும். ஒன்றை அவன் கண் முன்னால் உடைத்துவிட வேண்டும். நான் உடைத்தேன். உடைத்தது வேறொரு பழைய பூட்டின் சாவி.

"பாத்துக்க மாப்ளே, ஒடச்சாச்சு," என்றேன்.

"நீங்க ஒடச்சா நான் எதுக்கு மாமா பாக்கணும்?" என்று பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவசரம் எதுவும் இல்லை. அவசரப்படுகிறவன் மெக்கானிக் ஆக முடியாது. ஆனால் அடுத்த மாதத்தோடு எனக்கு ஓய்வு என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணி. எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மச்சினன் கத்தி மாற்றிக்கொண்டிருந்தான், வேலையை முடித்துவிட்டுத்தான் டீ குடிப்பான். கைப்பிடியில் அவன் பூட்டுத் தொங்கியது. சரியாகத்தான் மாட்டியிருந்தான், பெயரட்டையோடு. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். பூட்டையும் அட்டையையும் பையில் போட்டேன். சுவிட்சை ஏற்றினேன். பச்சையை அழுத்தினேன். நாலு எண்ணிவிட்டுச் சிவப்பை அழுத்தினேன்.

நான் நினைத்தது இரண்டரை விரல்தான். அவன் அன்றைக்கு இடுப்புவரை உள்ளே குனிந்திருந்திருக்கிறான். அப்படிக் குனியக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அழுத்துவதற்கு முன்னால் எட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னை எவன் எட்டிப் பார்த்தான்?

தொழிற்சாலையில் இந்தத் தடவையும் அதே வரியைத்தான் எழுதினார்கள். பூட்டுப் போடாதது தொழிலாளியின் கவனக்குறைவு. அது எனக்குப் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடக்கம் முடிந்த மறுநாள் வெல்டர் ஜன்னலில் வந்து நின்றான். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான்.

"மாமனுக்கும் மச்சானுக்கும் ஒரே மறதி. என்ன குடும்பமோ போங்க."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறக்காவிட்டால், அவனும் மறந்தவன், நானும் மறந்தவன் என்றே நின்றுவிடும். இதோ, அவன் பூட்டு. இதோ என்னிடமிருந்த சாவி. இது அவன் பெயரட்டை. பூட்டிய பூட்டை இன்னொருத்தன் சத்தமில்லாமல் கழற்ற முடியும், கழற்றிவிட்டு மறதி என்று காகிதம் எழுதவும் வைக்க முடியும். நானே செய்து காட்டிவிட்டேன். இதை எழுதுங்கள். அப்படியே என் பழைய காகிதத்தையும் எடுத்து அந்த வரியை அடியுங்கள். அதற்குத்தான் வந்தேன்.

இன்னொரு பூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி வந்து சொல்வாள். எனக்கு அடிபட்ட அன்றைக்கு என் சாப்பாட்டுப் பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவன் மச்சினன். அடியில், டப்பாவுக்குக் கீழே, பூட்டு இருந்ததென்று அவள் எடுத்துக் காட்டினாள். "தம்பி மேல தப்பில்லங்க, நீங்க எடுக்கவே இல்ல," என்றாள். தம்பிக்கு அக்காள் வேறென்ன சொல்வாள்? வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவைத்தேன், அவளும் விடவில்லை. இந்த ஒரு வாரமாக அந்தப் பூட்டைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

அதன் அடியில் மூன்று கோடு இருக்கிறது. கோடு இழுக்க அரம் எவனிடம்தான் இல்லை? என் சாவி அதற்குச் சேருகிறது, அதையும் மறைக்கவில்லை. பதினோரு வருஷமாக, அவள் வெளியே போகிற நேரம் பார்த்து, வாரம் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை. அவ்வளவு கச்சிதமாகச் செய்து வைத்திருந்தான், ஐயா.