மூன்றாம் வார்டில் ஊசி போடும் முன் நான் சொன்னது பற்றி

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்பதை முதல் வரியிலேயே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயரும் முகவரியும் படிவத்தில் இருக்கின்றன. வயது ஐம்பத்தெட்டு. மருத்துவமனைக்கு எதிர்த்தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஏழாம் வகுப்பு; ஆனால் மருத்துவ விஷயத்தில் நான் பாதி டாக்டர் என்று பெரிய டாக்டரே என் தோளைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் வார்டில் என்னை ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேச முடியாதவர், பேசப் பயப்படுபவர் எல்லோருக்காகவும் டாக்டரிடம் போய்ப் பேசுவது நான்தான்.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். அச்சகத்தில் தாள் வெட்டும் வேலை. சிறுவயது முதலே அவருக்குப் பேச்சு திக்கும். பேருந்தில் டிக்கெட் கேட்பதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும். ஆகவே கல்யாணமான நாள் முதல் அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவந்தேன்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை, காலில் புண் சீழ் பிடித்து அவரை வார்டில் சேர்த்தோம். அதன் பின்னர் ஒன்பது நாளும் நானே உடனிருந்தேன். காற்று வரட்டும் என்று ஜன்னலோரக் கட்டில் கேட்டு வாங்கினேன். கேட்டேன் என்றால் சாதாரணமாக அல்ல, கட்டிடமே அதிர்ந்தது, நாற்பது பேர் கூடிவிட்டார்கள். இந்த இடத்தில், இதை எழுதிக்கொள்ளும் ஏட்டு ஐயா, “நாப்பது பேர் அந்த வார்டுக்குள்ள எப்படிய்யா நிப்பாங்க?” என்று கேட்டதால், பத்துப் பேர் என்று திருத்திக்கொள்கிறேன். புண்ணைத் துடைக்கும் நேரமெல்லாம் அவர் காலைப் பிடித்துக்கொண்டது நான். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மூன்று நாளாக இழுத்தடித்த ஸ்கேனையும் நான் போய் நின்ற பிறகுதான் எடுத்தார்கள்.

அதன் பின்னர், இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணியளவில், டாக்டர் புது ஊசி எழுதியிருப்பதாகச் சொல்லிப் பணியில் இருந்த செவிலியர் வந்தார். இந்த மருந்து இதற்கு முன் போட்டதுண்டா, ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். அப்போது நான், “சிஸ்டர், இது இவருக்கு ஆகாது, போட்டா மூஞ்சி வீங்கிரும், ஆள் தாங்க மாட்டார்” என்று மூன்று தடவை எச்சரித்தேன். அவர் காதில் வாங்காமல் போட்டார். அதன் பின்னர் ஐந்தே நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு திணறி, டாக்டர்கள் ஓடிவந்து என்னென்னவோ செய்தும், பதினொன்றேகால் மணிக்கு உயிர் போய்விட்டது.

அதன் பின்னர், அவருடைய சட்டைப்பையில் நாலாக மடித்த பழைய கிளினிக் சீட்டு ஒன்று கிடைத்தது. இதே மருந்து ஒவ்வாது என்று அதில் எழுதியிருந்தது. தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு, “யாருக்குமே தெரியாமப் போச்சேண்ணா” என்று அழுதாள். நான், “எனக்குத் தெரியும்மா. அப்பவே அந்த நர்ஸ்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்” என்றேன். அந்தச் சொல்லை வைத்துத்தான் அவள் புகார் கொடுத்தாள். செவிலியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அந்தச் செவிலியர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். ‘ஒவ்வாமை இல்லை, உடனிருப்பவர் சொன்னது’ என்று அன்றைய குறிப்பேட்டில் அவர் எழுதியிருப்பதாக ஆய்வாளர் சொன்னார். “அதை அந்தம்மா பின்னாடி எழுதியிருக்கலாம். நேர்ல பார்த்த நீங்க ஒருத்தர் சொல்றது போதும், அந்தம்மா உள்ள போறது நிச்சயம். ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க” என்று சொல்லி எனக்குத் தேநீர் வரவழைத்தார். நாற்பது பேரை நம்பாதவர்கள் இதை ஒரு சொல் குறைக்காமல் நம்பினார்கள். என் பேச்சை யாரும் அப்படி நம்பியதில்லை. தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை கையொப்பமிடக் கொடுத்த பேனாவை நான் தொடவில்லை.

அதன் பின்னர் நானாகக் கேட்டுக்கொண்டதன் பேரில் கீழ்க்கண்டது சேர்க்கப்படுகிறது. செவிலியர் என்னைக் கேட்கவில்லை, கட்டிலில் இருந்தவரைத்தான் கேட்டார். அவர், “அ... அது... ஒ... ஒரு தடவை...” என்று ஆரம்பித்தார். நான், “மாப்ள, நீங்க சும்மா இருங்க. சிஸ்டர், இவருக்குப் போடாத ஊசியே கிடையாது, கல்லு மாதிரி உடம்பு, தைரியமாப் போடுங்க” என்றேன். செவிலியர், “வக்கீல் சார், அவரே சொல்லட்டும். நான் நிக்கிறேன்” என்றார். “அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்க டியூட்டி முடிஞ்சிரும்” என்றேன். பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

சீட்டு கிடைக்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

இந்தப் பகுதியைத் தங்கைக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டேன். புகார் கொடுத்தவருக்கு நகல் போகும் என்றார்கள். போகட்டும்.

மற்றவை நான் பார்த்து, கேட்டு, செய்தவை என்றும், யாரும் வற்புறுத்தாமல் சொன்னவை என்றும் ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன். மூன்று தடவை எச்சரித்தேன் என்ற வரி மட்டும் நான் இட்டுக்கட்டியது. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

(கையொப்பம்)