ரெண்டு கையும் படணும்

...மத்தவனெல்லாம் தண்ணில விழுந்தா சர்ருனு போறான். எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, அது எடுத்தது தவளை நீச்சல். இருக்கறதுலயே மெதுவான நீச்சல் இதுதானாம். அவனே சொல்றான், ஏதோ பெருமை மாதிரி. மெதுவா போறதுக்கு மெடல்னா எங்க வீட்டுக்காரருக்கு எப்பவோ குடுத்திருக்கணுமே.

யாரா? என் தம்பிதாங்க. மஞ்சத் தொப்பி. அதோ... இல்ல, நான் திரும்ப மாட்டேன். இப்படியே சுவத்தப் பாத்து உக்காந்துக்கறேன். நீங்க பாத்து சொல்லுங்க.

என்னத்த சாதிச்சான்னு கேக்கறீங்களா? முட்டி ரெண்டும் போச்சு, அதான் சாதனை. காலை அகட்டி அகட்டி உதைச்சா எந்த முட்டிதான் தாங்கும்? வீட்டுலயும் சும்மா இருக்க மாட்டான். கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு உதைப்பான். துணி மடிக்கப் போனா என் மூக்குல உதை. தலமுடியப் பாத்தீங்களா? மருந்துத் தண்ணில ஊறி ஊறி தேங்கா நார் தோத்துடும்.

ஒரே ஒருவாட்டி பெரிய போட்டில முதல்ல வந்தான். வந்தும் இல்லன்னுட்டாங்க. இந்த நீச்சல்ல சுவத்த ரெண்டு கையாலயும் ஒண்ணா தொடணுமாம். தொரைக்கு ஒரு கை முந்திக்கிச்சு. நடுவர் கைய தூக்கினார், அவ்வளவுதான், பேரையே அடிச்சுட்டாங்க. ஊர்ல எவனாவது கை சரியா படலன்னு முதல் எடத்த விட்டுட்டு வந்திருக்கானா?

அன்னிலேருந்து எதத் தொட்டாலும் ரெண்டு கைதான். ஃப்ரிட்ஜ் கதவ ரெண்டு கையால தள்றான். காலிங் பெல்ல ரெண்டு கையால அமுக்கறான். தண்ணி குடுத்தா ரெண்டு கையால வாங்கறான், பாக்கறவங்க எவ்வளவு மரியாதையான புள்ளைங்கறாங்க. மரியாதையாவது மண்ணாவது.

இன்னியோட முடிஞ்சுது. முதல் ரெண்டு பேரத்தான் டீமுக்கு எடுப்பாங்க. வரலன்னா திங்கக்கிழமைலேருந்து என் வீட்டுக்காரரோட டைல்ஸ் கடை. நான்தான் சத்தியம் வாங்கினேன். எங்கம்மா போனதுக்கப்புறம் இவன வளத்தது நான், அந்த உரிமை கூடவா இல்ல?

விசில் அடிச்சுட்டாங்களா? போறானா?

ஏன் பாக்க மாட்டேங்கறேன்னு கேக்காதீங்க. இந்தக் கண்றாவில ஒவ்வொரு இழுப்புக்கும் தல உள்ள போகும். உள்ள போறது வெளிய வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு முட்டும். ஒரு போட்டிகூட நான் பாத்ததில்ல. வருவேன், சுவத்தப் பாப்பேன், யார் கிட்டயாவது பேசிட்டே இருப்பேன். சரி, இப்ப எங்க இருக்கான்? ஏங்க? சொல்லுங்களேன்...

அட, பக்கத்துல இருந்தவங்க பைய வெச்சுட்டுப் போயிட்டாங்களா. கீழ அவங்க பொண்ணக் கூப்பிட்டாங்க போல. நல்ல ஆளு.

இப்ப நான் என்ன பண்ண?

...ஐயோ, திரும்பிட்டேன்.

உள்ள போறான். வரான். உள்ள போறான்... வரான். ஏய், என்னடா இது, தண்ணி கொஞ்சம்கூடத் தெறிக்கல. கைய சேக்கறான், அப்படியே வழுக்கிட்டுப் போறான். இவனா? என் மூக்குல உதைச்சவனா? இவ்வளவு அழகா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே. சுவரு வந்துடுச்சு. டேய், கை, ரெண்டு கையும்... பட்டுது. ஒண்ணா பட்டுது.

பலகைல போடறாங்க... மூணாவது.

என்னடா பாக்கற? ஆமா, நான்தான். திரும்பித்தான் உக்காந்திருக்கேன். சிரிக்காத. ஏறி வா, குளிரப் போகுது.

...ஹலோ. நான்தான். ஆமா, முடிஞ்சுது. மூணாவது. மூணாவதுன்னா என்ன இப்ப? நீங்க என்னிக்காவது எதுலயாவது மூணாவது வந்திருக்கீங்களா? ...கடைல அவன் பேர பெயிண்ட் அடிச்சு போர்டு மாட்டிட்டா ஆச்சா? ...ஆமா, சத்தியம் வாங்கினது நான்தான். நானேதான் திருப்பிக் குடுக்கறேன். திங்கக்கிழமைக்கு வேற ஆளப் பாருங்க.