ஆர்லோ பெட்ஸ்காவின் தங்கை மகன்

இல்லைங்க, அங்கதான் முதல் தப்பு. டெல்லின்னு சொன்னீங்க பாருங்க, ஜன்னலோரம் உக்காந்திருக்கிற ஹார்லன் உடனே காப்பிக் கோப்பைக்குள்ள மூஞ்சியப் புதைச்சுக்கிட்டான். சிரிப்ப அடக்குறானாம். எழுதுறது என்னவோ இந்தியாவுல இருக்கிற டெல்லி மாதிரியேதான். ஆனா எங்க ஊரு டெல்ஹை. நெப்ராஸ்காவுல பால் குடிக்கிற கொழந்தைகூடச் சரியாச் சொல்லும். நீங்க என்னடான்னா, வருஷா வருஷம் கோடை லீவுக்கு இங்க வந்து மாமா வீட்டுல தங்குன பையன்னு சொல்றீங்க. நான் ஒண்ணும் சொல்லல. சாப்பிடுங்க.

முகத்தச் சுளிக்காதீங்க. அது பீன்சும் மாட்டுக்கறியும் போட்ட சில்லி. பக்கத்துல இருக்கிறது லவங்கப்பட்டை ரொட்டி, மேல சர்க்கரைப் பாகு. ஆமாங்க, ரெண்டையும் சேத்துத்தான். ரொட்டியக் கிள்ளிக் கொழம்புல முக்கணும். இந்தப் பக்கத்துல வளந்தவங்க யாரும் இந்தத் தட்டப் பாத்து முழிக்க மாட்டாங்க. நீதிபதி கில்மோர் அப்படி முழிக்கிறவங்களத்தான் கவனிப்பாரு, அதுக்காகச் சொல்றேன்.

வாரிசு விசாரணைக்கு இங்கதான் வருவாரு, இந்தச் சாப்பாட்டுக் கடைக்கே. எங்க ஊர்ல வேற மண்டபம் ஏது? நான்தான் சமையக்காரி, நான்தான் மேயர். ஏப்ரனக் கழட்டிட்டா மேயர். செத்துப்போன ஆர்லோ பெட்ஸ்காவுக்குத் தங்கச்சி மகன் லைல், அது நீங்கதான்னு அவரு நம்பிட்டா, ஆர்லோ நிலம் மொத்தமும் உங்களுது. நம்பலையா, வாரிசு இல்லாத சொத்துன்னு அரசாங்கம் எடுத்து ஏலம் விடும். ஏலத்துல முதல் வரிசையில வந்து உக்காரப்போறது பன்னிக் கம்பெனி. கொட்டகை கொட்டகையாப் பன்னி வளப்பாங்க. காத்து எங்களுக்குத் தெக்கேருந்து வீசுது. ஆர்லோ நிலம் தெக்கே. குடிதண்ணியும் அந்த நிலத்துக் கிணத்துலருந்துதான் வருது. எங்க ஊரு புவியியல் அவ்வளவுதான்.

கேக்கறீங்கன்னா மீதியையும் சொல்றேன். மலைன்னு யாராவது சொன்னா நிமிந்து பாக்காதீங்க, குனிஞ்சு பாருங்க. சர்ச்சுக்குப் பின்னாடி வைக்கோல் போர் ஒசரத்துக்கு ஒரு மேடு இருக்கு, அதான் எங்க மலை. லைல் அதுலருந்து சைக்கிளோட உருண்டு முன்பல்ல ஒடச்சுக்கிட்டான். உங்க பல்லு முத்து மாதிரி இருக்கே? ஓ, கட்டுன பல்லா! பலே. நீதிபதிகிட்டயும் இதே வேகத்துல சொல்லுங்க.

வரலாறா? ரயில் பாதை போட்ட மகராசன் ஸ்டேஷன் ஸ்டேஷனா இங்கிலீஷ் எழுத்து வரிசையில பேர் வச்சான். ஏ-க்கு ஆல்டன், பி-க்கு பெல்மாண்ட், சி-க்கு கார்த்தேஜ், டி-க்கு நாங்க, ஈ-க்கு ஈடன். எஃப் வைக்கிறதுக்குள்ள கம்பெனி திவால். அதனாலதான் ஈடனுக்கு அந்தப் பக்கம் உலகமே கெடையாதுன்னு ஈடன்காரங்களுக்கு நெனப்பு. அவங்கள நம்பாதீங்க. மாவட்டக் கோர்ட்டு முதல்ல எங்க ஊர்லதான் இருந்துச்சு. என் பாட்டனார் காலத்துக்கும் முந்தி ஒரு ஞாயித்துக்கெழமை, ஊரே சர்ச்சுல கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தப்ப, ஈடன்காரங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து பத்திரப் பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. பத்திரம் இருக்கிற எடந்தான் கோர்ட்டுன்னாங்க. அன்னையிலருந்து நாங்க ஒத்தக் கண்ணத் தெறந்து வச்சுக்கிட்டுத்தான் ஜெபம் பண்றோம். சிரிக்காதீங்க, இந்த ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க.

ஆர்லோவா? பேச்சுக்கும் அவருக்கும் ஆகாது. ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு கேட்டா, சோளம் காஞ்சுக்கிட்டிருக்கும்பாரு. வெளிய இடுப்பளவு பனி கெடக்கும், அப்பவும் அதே பதில்தான். ஆனா அந்தக் கிணத்துத் தண்ணிக்கு ஊர்க்கிட்ட ஒரு நாளும் வாடகை கேட்டதில்ல. நல்ல மனுஷன்.

சரி, வர்ற வழியில எதுத்தாப்புல லாரியில வந்தவரு ஸ்டீயரிங்கிலருந்து ஒத்த விரலத் தூக்குனாரா? பதிலுக்கு நீங்க என்ன பண்ணீங்க? கையயே ஆட்டுனீங்களா? முழுக் கையையுமா? அடக் கடவுளே. இங்க ஒத்த விரலத் தூக்குனா வணக்கம். ரெண்டு விரலத் தூக்குனா சொந்தக்காரன். முழுக் கைய ஆட்டுனா வண்டி தீப்பிடிச்சு எரியுதுன்னு அர்த்தம். அவரு திரும்பி வந்து தண்ணி ஊத்தாம விட்டாரே, அதச் சொல்லுங்க.

எங்க எழுந்திருக்கீங்க? கார் சாவிய எதுக்கு எடுக்கறீங்க? காத்தாட நடக்கறதுக்குக் கார் எதுக்கு? ஹார்லன், அந்தக் கதவுப் பக்கமா நாற்காலியப் போட்டுக்க.

ஒக்காரு. ஆமா, இப்பலருந்து நீதான். நாங்க தூக்கி வளத்த பையன நீங்க வாங்கன்னு கூப்பிட்டா நீதிபதிக்குச் சந்தேகம் வராதா? இங்க பாரு தம்பி, நீ லைல் இல்லைன்னு கார விட்டு எறங்குன உடனே எனக்குத் தெரியும். ஹார்லனுக்குத் தெரியும். வாசல்ல படுத்திருக்கிற நாய்க்கே தெரியும், அதான் எந்திரிச்சு மோந்துகூடப் பாக்கல. அதனால என்ன? காட்டிக் குடுக்கறதா இருந்தா உனக்கு எதுக்குச் சூடா ரொட்டி வைக்கிறேன்? இவ்வளவு நேரமா நான் வெட்டிக் கதை பேசிக்கிட்டிருந்தேன்னா நெனச்ச? பாடம் நடத்திக்கிட்டிருந்தேன்.

எங்க, சொல்லு. ஊரு பேரு? நாக்க இன்னும் கொஞ்சம் சோம்பேறியா விடு. ஆங், டெல்ஹை. மத்தியானம் சாப்பிடறதுக்கு என்ன பேரு? லஞ்சா? என் தலையெழுத்து. டின்னர்னு சொல்லு. ராத்திரி சாப்பிடறது சப்பர். ஒன் அம்மா பேரு? டெல்மா. யாரோட ஓடிப்போனா? ராட்டினக்காரனோட. அதச் சொல்லும்போது மட்டும் தலையக் குனிஞ்சுக்க, பின் வரிசையில வெர்னா கெழவி உச்சுக் கொட்டுவா. சொல்லி வச்சிருக்கேன்.

பாவமில்லையாவா? பாதிரியார்கிட்டக் கேட்டோமே. ஈடன்லருந்து வர்ற நீதிபதின்னா பரவாயில்லன்னுட்டாரு. நீ கொண்டு வந்திருக்கிற காகிதத்தையும் பாத்தேன், நல்ல வேலப்பாடு. வீடு உன்னுது. நிலத்த ஹார்லன் உழுவான், குத்தகை உனக்கு. கிணறு மட்டும் இருந்த மாதிரியே இருக்கணும்.

அந்தா, நீதிபதி கார்தான். வாயத் தொடச்சுக்க. என்ன யோசிக்கிற? நிலம் கைக்கு வந்ததும் பன்னிக் கம்பெனிக்கே வித்துட்டுப் போயிடலாம்னா? மூஞ்சியிலயே எழுதியிருக்கு. தாராளமாச் செய். மறுநாளே நான் ஈடன் போயி, ஐயா, ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிடுவேன். எங்கள என்ன பண்ணிடுவாங்க? வயசானவங்க, கண்ணு மங்கல், ஞாபகம் தடுமாற்றம். உனக்கு அந்த வசதி இல்லியே.

நெசமான லைல் வந்து நின்னாலா? நீ புத்திசாலிதான். வரமாட்டான். சேச்சே, சாகவெல்லாம் இல்ல. ஆர்லோ தங்கச்சி மகனத் தேடுறோம்னு நீ பேப்பர்ல பாத்த விளம்பரம் நாங்க குடுத்தது. யாராவது ஒரு திருட்டுப்பய வருவான்னு காத்துக்கிட்டு இருந்தோம். ஆர்லோவுக்கு ஏதுப்பா தங்கச்சி?

வாங்க நீதிபதி ஐயா, வாங்க. லைல், எழுந்து ஐயாவுக்குக் கை குடு.