கவிழ்த்து வைத்த அண்டா

— இன்னும் அதைக் கவுத்தியே வச்சிருக்கியா டார்க்கஸ்? அண்டாவ நிமுத்து புள்ள. பாக்கறவன் சிரிக்கப் போறான்.

— சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். நான் ஜெபம் பண்ணணும். நீ செத்த நேரம் சும்மா இரு ஐசம்.

— பண்ணு, யாரு வேணாங்கறா? நாம அடிமையாக் கெடந்த ரான்சம் துரை பண்ணையா இது? வடக்கத்திப் பட்டாளத்துக் கோட்டை. இங்க உன் ஜெபத்த எவன் ஒட்டுக்கேட்டு சவுக்கத் தூக்கப் போறான்?

— அந்தத் துரையேதான் உள்ள வந்து உக்காந்திருக்கானே! குச்சில வெள்ளத்துணியக் கட்டிக்கிட்டு, தளபதி ரூமுல, நம்மளத் திருப்பிக் குடுன்னு. அவன் வெளிய போற வரைக்கும் இது கவுந்துதான் கெடக்கும். நம்ம சத்தத்த அண்டா குடிச்சுக்கும்.

— ஆண்டவருக்கும் கேக்காமப் போயிடப் போவுது.

— அவருக்கு இதுக்குள்ள பூந்து கேக்கத் தெரியும். ஆண்டவரே, நேத்து நெலாவ மேகத்துக்குள்ள வச்சதுக்கு நன்றி. படகுல ஒரே ஒரு ஓட்டையோட விட்டதுக்கு நன்றி. என் புருஷனுக்கு நீச்சல் வராட்டியும் வாய் நல்லா வேலை செய்யுதே, அதுக்கும் சேத்து நன்றி.

— அந்தப் படகு முழுகப் பாத்ததே உன் அண்டாவாலதான். அவனவன் உசுரத் தூக்கிட்டு ஓடுவான், நீ இரும்பத் தூக்கிட்டு ஓடியாற. அதையும் உருப்படியாக் குடுத்தியா? காலையில பட்டாளத்துச் சமையக்காரன் எம்புட்டுப் பணிவா வந்து கேட்டான், கஞ்சி காய்ச்ச ஏனம் பத்தலன்னு. முடியவே முடியாதுன்னுட்ட.

— எங்கம்மா சாகறவரைக்கும் பண்ணின ஜெபம் இதுக்குள்ள இருக்கு. தெக்க வித்துட்டாங்களே நம்ம ஜனங்க, அவுங்க கடைசியாப் பண்ணினதும் இதுக்குள்ளதான் இருக்கு. இதை அந்தாளு வீட்டுக் கொல்லையில விட்டுட்டு வரச் சொல்றியா?

— சரி, அழுவாத. நான் ஒண்ணும் சொல்லல.

— எந்திரி, எந்திரி. துப்பாக்கிக்கார அய்யா வர்றாரு.

— உக்காருங்க, உக்காருங்க. நான் கார்ப்பரல் அலான்சோ. நேத்து உங்க படகு கரை தட்டினப்போ துப்பாக்கியை நீட்டினேனே, அதே ஆள்தான்.

— சுடாம விட்டதுக்கு நன்றி அய்யா.

— உண்மையைச் சொல்லணும்னா, அதுல மருந்தே போடல அம்மா. போட மறந்துட்டேன்.

— அம்மாவா? யாரு, என்னையா?

— வேற யாரை? அய்யா கிய்யா எல்லாம் வேணாம். எனக்கு இருபத்திரண்டு வயசுதான் ஆகுது.

— அப்ப தம்பி, மறந்ததுக்கும் நன்றி. உள்ள என்ன நடக்குது? சொல்லுங்க.

— கதவுக்குக் காவல் நான்தான் நின்னேன். உங்க துரை சட்டப் புத்தகத்தை மேசை மேல போட்டார். ஓடி வந்த அடிமையை யார் பிடிச்சாலும் சொந்தக்காரன்கிட்ட ஒப்படைக்கணும்னு நாட்டுச் சட்டம் இருக்கு, ரெண்டு பேரையும் எடுன்னார்.

— எந்த நாட்டுச் சட்டம் கார்ப்பரல்? நேத்துத்தான் இந்த நாடே வேணாம்னு மாநிலமே ஓட்டுப் போட்டுச்சு! துரை ஓட்டுப் போட்டுட்டு வந்து ஊரதிர வேட்டு வெடிச்சான். அந்தச் சத்தத்துலதான் நாங்க படகையே அவுத்தோம்.

— அந்த வேட்டுக்கும் நன்றின்னு ஜெபத்துல சேத்துக்கறேன். மறந்தே போயிட்டேன்.

— தளபதி யோசிக்கணும்னு எங்களை வெளிய அனுப்பிட்டார். துரை மட்டும் உள்ள உக்காந்து காப்பி குடிக்கறார்.

— கேளுங்க கார்ப்பரல், திருப்பி அனுப்பினா இவளோட நான் இருக்க முடியாது. என்னைத் தெக்க கரோலினாவுக்கு அனுப்பறதாப் பேச்சு. இங்க துரை படைக்குப் பீரங்கி மேடு கட்டி முடிச்சாச்சு, அங்கயும் அவுங்க பட்டாளத்துக்கு மண்ணு வெட்டணுமாம். தெக்க போனவன் எவனும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல.

— தெரியும், நேத்துக் கரை இறங்கினதுமே சொன்னீங்களே. அதையும் தளபதிகிட்ட சொன்னேன்.

— நல்லா இருப்பீங்க. ஒண்ணு கேக்கவா தம்பி? இம்புட்டு தூரம் நீங்க எதுக்கு சண்டைக்கு வந்தீங்க?

— உண்மையைச் சொல்லணும்னா, உங்களுக்காக இல்லம்மா. தெக்கத்திக்காரங்க எங்க கொடியைச் சுட்டாங்க. நாடு ரெண்டா உடையக் கூடாதுன்னு வந்தோம்.

— சரி. நாடு எதனால ஒடையுது?

— அது வந்து... வரி, தேர்தல், மாநில உரிமைன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

— எதுக்கு உரிமை?

— அவங்கவங்க ஊர் வழக்கப்படி நடந்துக்கறதுக்காம்.

— நான் சொல்றேன். துணி வெளுக்கற நேரம் போக, துரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில மயிலெறகால ஈ ஓட்டினவ நான். வரியப் பத்தி ஒருத்தரும் பேசி என் காதுல விழுந்ததில்ல. மேக்க புது நெலம் கெடக்காம், அங்க எங்கள ஓட்டிட்டுப் போக வடக்கத்தியான் விட மாட்டேங்கறானாம். இதத்தான் பன்னித்தொடைய அறுத்துக்கிட்டே ராவும் பகலும் பேசுவாங்க. போன தேர்தல்ல ஜெயிச்ச ஆளு எங்கள அவுத்து விடறேன்னுகூடச் சொல்லலயாம். இதுக்கு மேல பரவ விட மாட்டேன்னுதான் சொன்னாராம். அதுக்கே துரை தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டான்.

— பின்ன எந்திரிக்காம? இங்க மண்ணு செத்துப் போச்சு கார்ப்பரல். எல்லாத்தையும் பொகையில உறிஞ்சிடுச்சு. இப்ப அந்தப் பண்ணையில வெளையறது நாங்க மட்டும்தான். வருஷா வருஷம் தெக்கத்திப் பருத்திக் காட்டுக்கு விக்கறான். எங்கள வாங்கறதுக்குப் புதுசு புதுசா காடு வேணும். இல்லாட்டி துரைக்கு ஏது வண்டி, ஏது பன்னித்தொடை?

— எங்க ஊர்ல ஜோசையான்னு ஒருத்தர் முடி வெட்டுவார். நியூயார்க்குக்கு மேல, மரம் அறுக்கற ஊரு எங்களது. சின்னப் பையன்லேருந்து என் தலை அவர் கையிலதான். ஒருநாள் ரெண்டு பேர் தெக்கேருந்து வந்து இவன் எங்க சொத்துன்னாங்க. பிடிக்க ஊர்க்காரங்களும் உதவணும், மறுத்தா ஜெயிலுன்னாங்க.

— நீங்க என்ன செஞ்சீங்க?

— நான் அப்போ சின்னப் பையன். எங்கப்பா பாதிச் சவரத்தோட எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டார். அடிமை, விடுதலைன்னு பேச்செடுத்தாலே கொட்டாவி விடற மனுஷன் அவர். அன்னைக்குத்தான் முதல் தடவை கத்தினார். "இவனுங்க ஊர்ல எதையோ பண்ணிக்கட்டும்னு இருந்தோம், இப்போ நம்ம கையிலயே கயித்தைக் குடுக்கறானுங்களே!"ன்னு.

— அந்த ஜோசையா?

— கொண்டு போயிட்டாங்க.

— அப்ப கொடிக்கு மட்டும் நீங்க வரல தம்பி.

— தெரியலம்மா. இருங்க, உள்ள கூப்பிடறாங்க. இங்கயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க.

— நாம எங்க போறது... டார்க்கஸ், அண்டாவ எதுக்கு இப்படிக் கட்டிப் புடிச்சிருக்க?

— நீ கரோலினா போயிட்டா நான் என்ன பண்ணுவேன் ஐசம்?

— போக மாட்டேன். அதுக்கு முன்னாடி இந்தத் தண்ணியிலயே குதிச்சிடுவேன். எனக்குத்தான் நீச்சல் வராதே, வேலை சுளுவா முடிஞ்சிடும்.

— வாயக் கழுவு. என் கையைப் புடி. ஆண்டவரே, இதுவரைக்கும் குடுத்ததுக்கு நன்றி. இன்னும் ஒண்ணே ஒண்ணு.

— வந்துட்டேன்! வந்துட்டேன்! மூச்சு வாங்கிக்கறேன் இருங்க.

— மூச்ச அப்புறம் வாங்கலாம் தம்பி, சொல்லுங்க!

— தளபதி கேட்டார், "இந்த நாடு வேணாம்னு ஓட்டுப் போட்டவர்தானே நீங்க? வேணாம்னு போன நாட்டோட சட்டத்தை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? இந்த நாட்டுக்கு விசுவாசமா இருக்கேன்னு இங்கயே சத்தியம் பண்ணுங்க, ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

— பண்ணிட்டானா?

— செத்தாலும் மாட்டேன்னுட்டார். "அப்போ நீங்க பகை நாட்டு ஆளு. அந்த ஐசம் உங்க பீரங்கிக்கு மேடு கட்டினவன். குதிரை, வெடிமருந்து மாதிரி அவனும் போர்ச்சரக்கு. பிடிச்சு வச்சுக்கறேன்"னார் தளபதி.

— சரக்கா? அங்கயும் சரக்கு, இங்கயும் சரக்கா?

— பொறு ஐசம். அது சரக்கு, இது திருப்பித் தராத சரக்கு. இன்னைக்கு இதுக்கு நன்றி சொல்லுவோம். அந்த வார்த்தைய பொறவு நாமளே மாத்திக்குவோம். தம்பி, என்னப் பத்தி?

— அதைத்தான் துரை பிடிச்சுக்கிட்டார். "ஆம்பளை மண்ணு வெட்டினான், சரி. அவ வெறும் துணி வெளுக்கறவ. அவளைக் குடுங்க"ன்னு.

— அய்யோ!

— தளபதி சாதாரணமா கேட்டார், "யார் துணி?" உங்க துரை நெஞ்சை நிமிர்த்திக்கிட்டார். "எங்க படை முழுக்கப் போட்டிருக்கறது அவ வெளுத்த சட்டைதான். இந்த மாநிலத்துலயே அவளை மாதிரி வெளுக்க ஆள் கிடையாது!"

— அப்படியா சொன்னான்?

— சொன்னார். தளபதி சிரிக்கவே இல்ல. "அப்போ அவளும் போர்ச்சரக்கு"ன்னுட்டார்.

— இத்தன வருஷத்துல என் வேலையப் பத்தி அந்த வாயிலேருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை! ஆண்டவரே, அதை இன்னைக்குப் பாத்து சொல்ல வச்சியே. நன்றி, நன்றி, நன்றி!

— சிரிக்கறியா அழுவுறியா புள்ள?

— எனக்கே தெரியல.

— அங்க பாரு, துரை கெளம்பிட்டான். காலி வண்டி.

— ரெண்டே பேரைக் கூட்டிப் போக இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?

— எங்களக் கட்டி நிறுத்தி, ஒவ்வொரு பண்ணை வாசல் வழியாவும் ஓட்டிட்டுப் போக. பாக்கறவங்க பயந்து சாகணும்ல! வர்றப்பவும் ஒவ்வொரு வாசல்லயும் நிறுத்தி, "அவங்களப் புடிச்சாரப் போறேன்"னு சொல்லிட்டுத்தான் வந்திருப்பான்.

— அப்போ வழி நெடுக எல்லாரும் இந்த வண்டிக்காகக் காத்திருப்பாங்க.

— எங்கக்கா ஹன்னாவும்தான் தம்பி. எங்ககூட வாடின்னேன். வடக்கத்தியான் எங்களத் திருப்பிக் குடுத்துடுவான்னா. "துரை வண்டி கட்டிட்டு வருவான், அது எப்படித் திரும்புதுன்னு பாத்துட்டு அப்புறம் யோசிக்கறேன்"னா. அவளை விட்டுட்டு வந்ததுதான் என் நெஞ்சுல முள்ளு.

— டார்க்கஸ், பொழுது சாயுது. துரை போயி எம்புட்டு நேரமாச்சு! அண்டா இன்னும் கவுந்தபடியே கெடக்கு.

— கை வரமாட்டேங்குது ஐசம். பொறந்ததுலேருந்து பழக்கம்.

— ஐசம்! டார்க்கஸ் அம்மா! மதில் மேல ஏறி வாங்க, சீக்கிரம்! எனக்குத்தான் கண்ணு சரியில்லையான்னு பாத்துச் சொல்லுங்க.

— என்ன கார்ப்பரல்? துரை ஆளக் கூட்டியாந்துட்டானா?

— தண்ணியில வரிசையா படகு. துப்பாக்கி இல்ல. கோழிக்கூடு இருக்கு, மெத்தை இருக்கு, மடியில குழந்தைங்க. படகு கிடைக்காதவங்க கதவைக் கழட்டி மிதக்க விட்டு வர்றாங்க. எண்ணிப் பாத்தேன், முடியல.

— முன்னாடி படகுல மஞ்சத்துணி தலையில கட்டின பொம்பள இருக்காளா தம்பி? எனக்குக் கண்ணு மறைக்குது.

— இருக்காங்க. எல்லாரும் உக்காருங்கறாங்க, அவங்க மட்டும் நின்னுக்கிட்டே வர்றாங்க.

— ஹன்னா! காலி வண்டியப் பாத்துட்டா! அவ எதையும் நின்னுதான் செய்வா!

— நான் இதுக்கு வரல. கொடிக்குத்தான் வந்தேன். சத்தியமா இதை நெனச்சு வரல.

— எதுக்கு வந்திருந்தாலும் நன்றி தம்பி.

— ஆனா தளபதி உங்க ரெண்டு பேருக்குத்தான் தீர்ப்பு சொன்னார். இவங்களுக்கு இன்னும் சொல்லல.

— அப்ப உள்ள போயிக் கேக்கப் போறீங்களா கார்ப்பரல்?

— கேக்கத்தான் போறேன். முதல்ல கதவைத் திறந்துடறேன்.

— ஐசம், கேக்குதா? பாடறாங்க. தொண்ட கிழியப் பாடறாங்க.

— கேக்குது புள்ள. இம்புட்டு சத்தமா நான் கேட்டதே இல்ல.

— அண்டாவ நிமுத்தி நல்லாக் கழுவு. சமையக்காரன்கிட்ட சோளமாவு வாங்கியா. வர்றவங்களுக்குப் பசிக்கும்.