பாலத்துக்குக் கூரை

"பாலத்துக்கு எதுக்குடா கூரை? ஆத்துக்கு ஜலதோஷம் பிடிச்சுக்குமா?" என்று முன் இருக்கையில் ஒருவர் தமிழில் கேட்டார். தொண்ணூற்றெட்டில், ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை போய்விட, நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் போகும் பஸ்ஸில் இருந்தேன். கேட்டவர் கழுத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி அட்டை தொங்கியது. அவர் பக்கத்திலிருந்த நண்பர் சிவில் இன்ஜினியர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மரப்பாலம்டா. கூரை மழைய மறைக்கிறதாலதான் நூறு வருஷத்துக்கு மேல நிக்குது."

"அமெரிக்கா வந்து மரத்துக்கு ஆணி அடிக்கிற! கோடிங் கத்துக்கோன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"எங்க கம்பெனிக்கு இப்ப இந்தப் பாலத்து ரிப்பேர் ஒண்ணுதான் வேலை. என் க்ரீன் கார்டுக்கு ஸ்பான்சரும் அவங்கதான்."

"அப்புறம் என்ன? ரிப்பேர் பண்ணலாம்னு ரிப்போர்ட் குடு."

"கூரை ஒழுகி அடிமரமெல்லாம் உளுத்துப்போச்சுடா. ஸ்க்ரூடிரைவரால குத்தினா கைப்பிடி வரைக்கும் இறங்குது. தினம் ஸ்கூல் பஸ் போற பாலம். மூடிட்டு வேற கட்டுங்கன்னு நேத்து கவுண்டி கவர்மென்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"அரிச்சந்திரன் பரம்பரை! எவன் பெத்த பிள்ளைக்கோ உன் க்ரீன் கார்டக் கிழிச்சுப் போட்டுட்ட. பொண்டாட்டிகிட்ட பெட்டியக் கட்டச் சொல்லு."

இரண்டு ஸ்டாப் கடந்ததும் அட்டைக்காரர் கேட்டார்.

"அது ஆப்பிள் தோட்டத்துக்குப் போற வழியில இருக்கிற பாலமா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு அங்கதான் போறோம். மூடிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சுத்துவழி சொல்லுடா, எழுதிக்கறேன்."