திம்பாங்கில் அறுபது கிலோ

மாலை ஏழேகால். ரெம்பியாவைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் ஓர் எண்ணெய் ஆலைக்குப் போகிற ஒற்றை மண் சாலை. மஃரிப் தொழுகை நேரம்... வெளியே நிற்கக் கூடாத நேரம். என் நண்பன் கைருதீனின் தங்கை ஷகீலா அந்த ஆலை வாசலில்தான் நின்றாள். கிட்ட வாருங்கள். கைருதீனே என்னிடம் சொன்னது இது.

ஷகீலா குருபோங்கில் ஒரு சின்னக் கம்பெனியில் டிரைவர் எழுதுகிறவள். சிரிக்காதீர்கள், லாரிக்கு இல்லை. எடை மெஷின் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பேர். செம்பனை ஆலைகளில் லாரியை ஏற்றி நிறுக்கும் இரும்பு மேடை, திம்பாங் பார்த்திருப்பீர்கள். இந்த ஆலையின் மேடைக்கு இவர்கள் புது டிரைவர் போட்டார்கள். அன்றிலிருந்து, இருட்டினால் காலி மேடை அறுபது கிலோ காட்டியது. பழைய டிரைவரில் பூஜ்ஜியம்.

"காலையில பூஜ்ஜியம் வரணும். இல்லன்னா நீ வேலைக்கு வர வேணாம் லா," என்றார் முதலாளி ஹரிதாஸ்.

பழையதற்கும் புதியதற்கும் நடுவே அறுபத்து நான்கு திருத்தங்கள். சரிபாதியை ஏற்றிப் பார்ப்பாள். அங்கே பூஜ்ஜியம் வந்தால் கோளாறு பின்பாதியில். மறுபடி அதில் பாதி... காவல் கூண்டில் லேப்டாப். ஆலையின் புளித்த எண்ணெய் வாடை. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் வெளியே இரும்பு மேடையில் ஒரு 'டங்'. யாரோ கால் மாற்றி நிற்பதுபோல.

ஆறாவது முறை அகப்பட்டது. சுத்தம் செய்கிறேன் என்று யாரோ ஒரு பழைய வரியை நீக்கியிருந்தார்கள். அறுபது வந்தால் பூஜ்ஜியம் காட்டு. அதுதான் வரி. பக்கத்தில் குறிப்பு: 'மேலிடத்து உத்தரவு. தொடாதே.'

அப்படியானால் புதியது கெடவில்லை. பழையதுதான் எதையோ மறைத்திருக்கிறது.

வரி எழுதப்பட்ட தேதியைக் காவலாளி காளிதாஸிடம் காட்டினாள். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"இங்க வேலை பார்த்த குகன் செத்து மூணாம் நாள் அது, தங்கச்சி. ரிவர்ஸ் எடுத்த லாரி... இந்த மேடையிலதான். ரோட்டுல அடிபட்டான்னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. பேசாம அந்த வரிய திரும்பப் போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா."

"மாட்டேண்ணே."

புது டிரைவரையே மறுபடி ஏற்றினாள். நேரே போய் மேடைமேல் நின்றாள். அவள் ஐம்பது கிலோ. சிவப்பு எண்கள்... 110. காற்றே இல்லை. ஆனாலும் காதோரம் டீசல் வாடையோடு ஒரு மூச்சு.

அவள் ஓடவில்லை.

"உங்கள நான் மறைக்க மாட்டேன், குகன் அண்ணே."

இறங்கினாள். எண்கள் பூஜ்ஜியம்.

காளிதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "போயிட்டான்மா! பூஜ்ஜியம் வந்திருச்சு, உன் வேலையும் தப்பிச்சது."

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. 'டிரைவரில் கோளாறு இல்லை' என்று ரிப்போர்ட் எழுதி, அந்த வரியையும் தேதியையும் சேர்த்து ஹரிதாஸுக்கு அனுப்பினாள். தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினாள். குகன் வீட்டுக்கும்தான்.

காலையில் வேலை போனது.

அடுத்த வாரம் வேறு வேலை. அதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு கிளினிக்குக்குப் போனாள். எடை மெஷினில் ஏறச் சொன்ன நர்ஸ், எண்ணைப் பார்த்தாள். ஒல்லியான ஷகீலாவைப் பார்த்தாள்.

"நூத்திப் பத்தா? மெஷின் ரோசாக் லா. இறங்குங்க, வேற கொண்டு வரேன்."

ஷகீலா இறங்கவில்லை. மெல்லத் தன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்... கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டு நின்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சிஸ்டர். அப்படியே எழுதுங்க."